வளர்ந்தபின் வாழ்ந்த வாழ்க்கைக்கு ஒரு ஸ்க்ராப்புக்: முழுமையான வழிகாட்டி

பிறந்த குழந்தைக்கு ஆல்பம் போடுகிறோம். பள்ளிக்கூடத்தில் வருஷம் தவறாமல் குழுப்படம் எடுத்துவிடுகிறார்கள். கல்யாணத்துக்குத் தூக்க முடியாத கனத்தில் ஒன்று வந்து சேர்கிறது. அதற்கு அப்புறம் நமக்கென்று யாரும் ஆல்பம் போடுவதில்லை. ஃபோனில் ஆயிரக்கணக்கில் படம் இருக்கும். பாதி பிள்ளைகள், மீதி சுற்றுலா போன இடங்கள், நடுநடுவே எதற்கோ எடுத்து வைத்த பில்லின் படம். முப்பத்தைந்து வயதில் நீங்கள் எந்த மேஜையில் உட்கார்ந்து வேலை பார்த்தீர்கள், எதை நினைத்துத் தூக்கம் கெட்டீர்கள் என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. வீட்டில் கேமராவைப் பிடிப்பவர் எப்போதும் நீங்கள்தான் என்றால் இன்னும் மோசம். உங்கள் வாழ்க்கையின் படங்களில் நீங்களே இருக்கமாட்டீர்கள்.

நினைவும் இந்த இடத்தில் கைவிட்டுவிடும். நாற்பதைத் தாண்டியவர்களிடம் பழைய ஞாபகங்களைச் சொல்லச் சொன்னால் பத்து வயதிலிருந்து முப்பது வயது வரையான காலமே அதிகமாக வரும் என்பது நினைவாற்றல் ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்படும் விஷயம். அதற்குப் பிந்தைய ஆண்டுகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. முதல் வேலையின் முதல் நாள் ஞாபகம் இருக்கும். பதினோராவது வருஷம் என்ன நடந்தது என்று சொல்லத் தெரியாது. படமும் காகிதமும் ஒட்டிப் பக்கத்திலேயே எழுதிவைக்கும் ஸ்க்ராப்புக் போடவேண்டியது அந்தப் பதினோராவது வருஷத்துக்குத்தான்.

ஸ்க்ராப்புக் என்றதும் பூ ஸ்டிக்கரும் மினுமினுப்புத் தாளும் கண்முன் வந்தால் அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அலங்காரம் தப்பில்லை, பிடித்தால் செய்யலாம். ஆனால் பெரியவர் ஒருவரின் வாழ்க்கைப் புத்தகத்தில் எழுத்துதான் முதல். படமும் காகிதமும் அதற்குச் சாட்சி. இந்த வழிகாட்டி முழுக்க அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

முதலில் எல்லை போடுங்கள்

"என் முழு வாழ்க்கை" என்று தொடங்கியவர்கள் பெரும்பாலும் முதல் அட்டைப்பெட்டியோடு நின்றுவிடுகிறார்கள். ஒரு துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வேலை, ஒரு வீடு, ஒரு பத்தாண்டு, தனியாக வாழ்ந்த காலம், ஒரு நோயிலிருந்து எழுந்த இரண்டு வருஷம், நாற்பதுக்கு மேல் கற்றுக்கொண்ட ஒரு கலை. இருபது முதல் முப்பது பக்கம் போதும். முடித்த சிறு புத்தகம் அடுத்ததைப் போடத் தெம்பு கொடுக்கும். முடிக்காத பெரும் புத்தகம் பரண்மேல் ஏறிவிடும்.

எப்படி வரிசைப்படுத்துவது என்பதையும் இப்போதே யோசித்துவிடுங்கள். ஆண்டு வரிசை எளிது, ஆனால் சலிப்பு தட்டும். ஒன்றுமே நடக்காத 2012க்கு ஏன் நான்கு பக்கம் என்ற கேள்வி வந்துவிடும். பொருள்வாரியாகப் பிரிக்கலாம்: வேலை, நட்பு, உடம்பு, பணம், படித்தது. எனக்குப் பிடித்தது குடியிருந்த வீடுகளை வைத்துப் பிரிப்பது. ஆண்டைக் கேட்டால் தடுமாறுகிறவர்கூட "அது மாடி வீட்டில் இருந்தபோது" என்று சட்டெனச் சொல்லிவிடுவார். வீடு மாறாமல் ஒரே இடத்தில் வாழ்ந்தவர் வேலையையோ, ஓட்டிய வண்டிகளையோ, உடன் வாழ்ந்த நாய் பூனைகளையோ வைத்துப் பிரித்துக்கொள்ளலாம்.

அப்புறம் ஒரு விதி. ஒவ்வொரு இரண்டு பக்கத்துக்கும் ஒருமுறையாவது "இதில் நான் எங்கே?" என்று கேளுங்கள். அம்மாவாக, கணவராக, மேலாளராக எல்லாப் பக்கத்திலும் பிறருக்காக நின்றுகொண்டிருந்தால் அது குடும்ப ஆல்பம். அதற்கும் மதிப்பு உண்டு, ஆனால் நாம் போட வந்தது வேறு.

பெட்டியும் காலக்கெடுவும்

ஒரே ஒரு அட்டைப்பெட்டி எடுங்கள். இரண்டு மூன்று வாரம் கெடு வையுங்கள். அதற்குள் கண்ணில் படுவதையெல்லாம் அதில் போடுங்கள். பெட்டி நிறைந்தால் நிறுத்திவிடுங்கள். தேடும்போதே படித்துப் பார்த்து உருகத் தொடங்கினால் வேலை ஓடாது. இப்போதைக்குப் போடுவது மட்டும்தான் வேலை.

அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் 1974இலிருந்து 1987இல் இறக்கும்வரை தன் மேஜைக்கு வந்த கடிதம், பில், செய்தித்தாள், அழைப்பிதழ் என்று எல்லாவற்றையும் அட்டைப்பெட்டிகளில் போட்டு மூடிக்கொண்டே வந்தார். 610 சேர்ந்தன. அதை அடுக்கிப் பட்டியல் போட ஓர் அருங்காட்சியகமே தேவைப்பட்டது. நமக்கு அந்த வசதி கிடையாது என்பதால்தான் ஒற்றைப் பெட்டி.

என்னென்ன போடலாம்? படம் என்று மட்டும் நினைக்காதீர்கள். வளர்ந்தவர்களின் வாழ்க்கை பெரும்பாலும் அலுத்துப்போன காகிதங்களில்தான் பதிவாகியிருக்கிறது. நியமனக் கடிதம், முதல் சம்பளச் சீட்டு, வேலையை விட்டபோது கொடுத்த கடிதத்தின் நகல், காலாவதியான அலுவலக அடையாள அட்டை, வாடகை ஒப்பந்தம், கடன் அடைந்த சான்று, மருத்துவரின் சீட்டு, கண்ணாடியின் பவர் எழுதிய அட்டை, பழைய பாஸ்போர்ட்டின் முத்திரைப் பக்கம், பயணச்சீட்டு, தையல் அளவு எழுதிய துண்டு, மளிகைப் பட்டியல், பிள்ளை கிறுக்கிய அலுவலகக் காகிதம், ஃபோன் எண்கள் எழுதிய பழைய டைரி. மளிகைப் பட்டியலை ஒதுக்கிவிடாதீர்கள். அந்த வீட்டில் எத்தனை பேர், யாருக்கு உடம்பு சரியில்லை, கையில் காசு இருந்ததா இல்லையா என்பதெல்லாம் அதில் இருக்கும்.

பில்களைப் பற்றி ஓர் அவசரக் குறிப்பு. கடைகளிலும் ஏடிஎம்மிலும் வரும் வழவழப்பான சீட்டு வெப்பத்தால் கறுக்கும் தாள். அதில் மையே கிடையாது. வெளிச்சத்திலும் சூட்டிலும், சில வகை பிளாஸ்டிக் உறைக்குள்ளும் அது வெளிறிப்போகும். சில வருஷத்தில் வெற்றுத்தாள்தான் மிஞ்சும். கிடைத்த அன்றே ஸ்கேனோ ஜெராக்ஸோ எடுத்துவிடுங்கள். புத்தகத்தில் நகலை ஒட்டுங்கள்.

தேதி கண்டுபிடிப்பது

பெட்டி நிறைந்ததும் தரையில் கொட்டி, தேதி தெரிந்தவை, தெரியாதவை என்று இரண்டாகப் பிரியுங்கள். தெரியாதவற்றுக்குத் துப்பறிய வேண்டும். இந்தப் பகுதிதான் எதிர்பாராத சுவாரஸ்யம்.

ஃபோனில் எடுத்த படத்தில் எடுத்த நாளும் நேரமும் உள்ளேயே பதிந்திருக்கும். விவரம் என்ற இடத்தில் பார்க்கலாம். வாட்ஸ்அப் வழியாக வந்த படத்தில் அந்தப் பதிவு நீங்கிவிடும். ஆனாலும் ஆண்ட்ராய்டு ஃபோன்களில் அப்படி வந்த படத்தின் பெயரைக் கவனித்தால் எட்டு இலக்கம் தெரியும்: முதல் நான்கு ஆண்டு, அடுத்த இரண்டு மாதம், கடைசி இரண்டு நாள். அது படம் வந்துசேர்ந்த நாள்தான், எடுத்த நாள் என்று நம்பிவிடக்கூடாது. பிலிம் கேமரா காலத்துப் படங்களின் மூலையில் ஆரஞ்சு நிறத்தில் தேதி இருந்தால் அதையும் சந்தேகத்தோடு பாருங்கள். அந்தக் கேமராக்களில் தேதியைச் சரியாக வைத்திருந்தவர்கள் குறைவு.

மற்றபடி படத்துக்குள் தேடுங்கள். சுவரில் காலண்டர், பிள்ளையின் விழுந்த பல், கையில் இருக்கும் ஃபோன், புதிதாக வாங்கிய பிரிட்ஜ், உங்கள் தலைமுடியின் நீளம். அப்படியும் தெரியாவிட்டால் "சுமார் 2009" என்று எழுதுங்கள். அந்தச் "சுமார்" முக்கியம். ஊகித்ததை உறுதியாக எழுதிவிட்டால் பத்து வருஷம் கழித்து நீங்களே அதை நம்பிவிடுவீர்கள்.

படமே இல்லாத ஆண்டுகள்

எல்லோருக்கும் ஒரு வெற்றிடம் இருக்கும். பிலிம் கேமரா மூலையில் போய், ஃபோன் கேமரா உருப்படியாக வருவதற்கு முந்தைய காலம். அல்லது தொலைந்துபோன ஃபோனோடு போன இரண்டு வருஷம். அல்லது படம் எடுக்க மனசே இல்லாத ஒரு காலம். இந்தப் பக்கங்களைத் தாண்டிப் போகாதீர்கள்.

பழைய மின்னஞ்சலில் அந்த ஆண்டின் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள். பயண முன்பதிவு, வேலை விண்ணப்பம், நண்பருக்கு நீளமாக எழுதிய புலம்பல் எல்லாம் வரும். வங்கிக் கணக்கு விவரம் இன்னும் பேசும்: எந்த மாதம் கை கடித்தது, எப்போது நிமிர்ந்தது என்று காட்டிவிடும். அந்தக் காலத்து நண்பரிடம் "உன்னிடம் என் படம் ஏதாவது இருக்கிறதா?" என்று கேளுங்கள். மற்றவர் எடுத்த படத்தின் ஓரத்தில் நாம் நின்றிருப்போம்.

எதுவும் கிடைக்காவிட்டால் வரையுங்கள். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு காரியம்தான் செய்வேன் என்று நீங்கள் சொன்னால், இதைச் செய்யச் சொல்வேன்: குடியிருந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து போடுவது. கோடு கோணலாக இருந்தால் என்ன. முதலில் வாசல். அப்புறம் செருப்பு எங்கே கிடந்தது, சாவி எந்த ஆணியில் தொங்கியது, கட்டில் எந்தச் சுவரை ஒட்டி, ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிந்தது, எந்தக் கதவு மழைக்காலத்தில் இறுகிக்கொள்ளும், ஃபோன் சிக்னல் கிடைக்க எந்த மூலையில் நிற்கவேண்டும். ஒவ்வொன்றுக்கும் அம்புக்குறி போட்டு ஒரு வரி எழுதுங்கள். வாசலில் தொடங்கிக் கொல்லைப்பக்கம் போவதற்குள் நீங்கள் மறந்தே போயிருந்த ஆட்கள் அறைகளில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு தரைப்படம் என்று வைத்தால் படமே இல்லாத காலத்துக்கும் இரண்டு பக்கம் உறுதி.

கழிப்பது

பக்கத்துக்கு இரண்டு மூன்று பொருளுக்கு மேல் வேண்டாம். முப்பது பக்கம் என்றால் மொத்தம் எழுபது எண்பது. பெட்டியில் அதைவிட நிறைய இருக்கும். மீதியைத் தூக்கிப்போட வேண்டியதில்லை, புத்தகத்துக்கு வெளியே இருக்கட்டும்.

எதை வைப்பது என்று குழம்பினால் நான் கேட்கும் கேள்வி இது: இதைப் பற்றி ஐந்து வரி எழுத என்னால் முடியுமா? அழகான சூரிய அஸ்தமனப் படத்தைப் பற்றி ஒரு வரிக்கு மேல் வராது. மங்கலாக, பாதி முகம் வெட்டுப்பட்டு, அலுவலகத் தோழி சிரிக்கும் படத்தைப் பற்றி ஒரு பக்கம் வரும். மங்கல் படத்தை வையுங்கள். ஒரே நிகழ்ச்சியின் பன்னிரண்டு படத்தில் ஒன்று போதும், அதிலும் எல்லோரும் கேமராவைப் பார்ப்பதைவிட யாரும் பார்க்காத படம் நல்லது.

நல்ல நாள்களை மட்டும் பொறுக்குகிறோமா என்றும் ஒருமுறை பாருங்கள். பரிசு வாங்கியது இருந்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட கடிதமும் இருக்கட்டும்.

புத்தகமும் பொருள்களும்

ஒட்டவேண்டிய நேரத்துக்கு முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் தப்பான பொருள் வருஷக்கணக்கில் மெதுவாக வேலை செய்யும்.

புத்தகம் மூன்று வகை. தைத்துக் கட்டியது பார்க்க அழகு, ஆனால் பக்கத்தை இடம் மாற்ற முடியாது. திருகு போட்டு இணைக்கும் ஆல்பத்தில் தாள் சேர்க்கலாம், ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்டவேண்டும். வளையம் வைத்த ஃபைல் அழகில் குறைவு, வசதியில் முதல்; நடுவில் புதுப்பக்கம் நுழைக்கலாம், ஒன்றைத் திரும்பப் போடலாம். முதல்முறை செய்பவர்களுக்கு இதையே சொல்வேன். ஒரு பக்கம் தட்டையாக இருக்கும் வளையம் கிடைத்தால் தாள் வளையாமல் அடுக்கி நிற்கும். அளவில் 12க்கு 12 அங்குலச் சதுரம் ஸ்க்ராப்புக் உலகின் வழக்கம். நம் காகிதங்கள் பெரும்பாலும் ஏ4 என்பதால் ஏ4 மடங்காமல் நுழையும் அளவே எனக்குச் சரியாகப் படுகிறது.

தாள் வாங்கும்போது அமிலமற்றது, லிக்னின் இல்லாதது என்று உறையில் இருக்கிறதா பாருங்கள். லிக்னின் மரக்கூழில் இருப்பது; செய்தித்தாள் வெயிலில் மஞ்சளாவதற்குக் காரணம் அதுதான். ஐஎஸ்ஓ 9706 என்று குறித்திருந்தால் நீண்டகாலம் நிற்கும் தாளுக்கான சர்வதேசத் தரம். படங்களைத் தொட்டுக்கொண்டிருக்கும் தாள், பசை, உறை எதிலும் 'போட்டோகிராபிக் ஆக்டிவிட்டி டெஸ்ட்' (படத்தைக் கெடுக்குமா என்று பார்க்கும் சோதனை) தேறியது என்று இருந்தால் இன்னும் நிம்மதி. பிளாஸ்டிக் உறையில் பாலிபுரொப்பிலீன், பாலிஎத்திலீன், பாலியெஸ்டர் மூன்றும் நல்லவை. பிவிசி வேண்டாம். திறந்ததும் புது பிளாஸ்டிக் வாடை குப்பென்று அடித்தால் பெரும்பாலும் அதுதான்.

பசை. மார்க் ட்வைன் 1873இல் ஸ்க்ராப்புக் ஒன்றுக்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார். பக்கங்களில் ஏற்கெனவே பசை தடவியிருக்கும், நனைத்து ஒட்டினால் போதும். பசையோடு மல்லுக்கட்டி அலுத்தவர்கள் அன்றும் இருந்திருக்கிறார்கள். இன்றைக்கு மூலப்படத்தையும் மூல ஆவணத்தையும் பசை தொடவே வேண்டாம். நான்கு மூலையிலும் போட்டோ கார்னர் என்ற சின்ன முக்கோண உறையை ஒட்டி அதில் செருகுங்கள். எப்போது வேண்டுமானாலும் வெளியே எடுக்கலாம், பின்பக்கம் எழுதியிருப்பதைப் படிக்கலாம். நகலுக்கும் பிரிண்டுக்கும் அமிலமற்ற க்ளூ ஸ்டிக்கோ இரட்டைப்பக்க டேப்போ போதும். செல்லோடேப் மஞ்சளாகிப் பசை கசியும், ரப்பர் பேண்ட் உருகி ஒட்டும், ஜெம் கிளிப்பும் ஸ்டேப்ளர் பின்னும் துருப்பிடிக்கும். மூன்றையும் பெட்டியிலேயே கழற்றிவிடுங்கள். லேமினேஷன் சூட்டில் ஒட்டுவது. திரும்பப் பிரிக்க வழியில்லை. நகலை லேமினேட் செய்யலாம், மூலத்தைக் கூடாது.

எழுத நிறமி மை உள்ள, தண்ணீரில் கரையாத பேனா. பால்பாயிண்ட் அழுத்தினால் மறுபக்கம் தழும்பு விழும். படத்தின் பின்னால் எழுத வேண்டுமானால் படத்தைக் கவிழ்த்துக் கெட்டியான இடத்தில் வைத்து, ஓரத்தில் மெல்ல எழுதுங்கள். பழைய தாள் படங்களுக்கு மென்மையான பென்சில் போதும். வழுக்கும் முதுகுள்ள புதிய படங்களில் பென்சில் பிடிக்காது, அதற்கு படத்துக்கென்றே விற்கும் மார்க்கர் வேண்டும்.

பழைய ஒட்டும் ஆல்பத்தில் சிக்கிய படங்கள் தனிக்கதை. பசை தடவிய அட்டைமேல் பிளாஸ்டிக் தாள் மூடிய அந்த ஆல்பங்கள் 1970, 80களில் வீடுவீடாக இருந்தன. படத்தைப் பிய்க்காதீர்கள். முதலில் இருந்த இடத்திலேயே அப்படியே படம் பிடித்துக்கொள்ளுங்கள். எது நடந்தாலும் நகலாவது மிஞ்சும். பிறகு மெழுகு தடவாத பல் இழையை ஒன்றரை அடி எடுத்து, இரண்டு கையிலும் சுற்றி, படத்தின் ஒரு மூலைக்கு அடியில் நுழைத்து ரம்பம் இழுப்பதுபோல மெதுவாக முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டே போங்கள். வளைக்கவேண்டியது இழையைத்தான், படத்தை அல்ல. நடுவில் இறுகினால் எதிர்மூலையிலிருந்து வாருங்கள். அப்படியும் வராத படத்தை விட்டுவிட்டு ஸ்கேனை வைத்துக்கொள்ளலாம்.

எழுதுவது

இப்போதுதான் புத்தகம் உண்மையில் தொடங்குகிறது. பெரும்பாலான ஸ்க்ராப்புக்குகளில் படத்துக்குக் கீழே இருப்பது இப்படி: "புது வீடு, 2014. மகிழ்ச்சியான நாள்கள்." படத்தைப் பார்த்தாலே தெரிவதைத்தான் அது திரும்பச் சொல்கிறது. படம் சொல்லாததை எழுதவேண்டும். அதே படத்துக்கு இப்படி எழுதிப் பார்க்கலாம்:

"2014 ஜூன். இரண்டாம் மாடி. அட்வான்ஸ் கொடுத்ததும் கையில் மிச்சமில்லை, அதனால் மூன்று மாதம் திரைச்சீலை இல்லை. பழைய போர்வையை ஆணியடித்து மாட்டினேன். படத்தில் பின்னால் தெரியும் நீலம் அதுதான். கீழ்வீட்டுக் குழந்தை தினமும் ஒரே பாட்டை வாசித்துப் பழகும், தப்பும் ஒரே இடத்தில் வரும். ஒருநாள் தப்பாமல் வாசித்தது. வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்."

இதில் பெரிய சம்பவம் எதுவும் இல்லை. ஆனால் பணம், ஒலி, நிறம், பக்கத்து வீட்டார் எல்லாம் வந்துவிட்டார்கள், "மகிழ்ச்சி" என்ற சொல் தேவைப்படவே இல்லை. படத்தில் இருக்கும் ஏதாவது ஒரு பொருளைத் தொட்டு எழுதத் தொடங்கினால் பாதி வேலை முடிந்தது. மேலே அந்த நீலப் போர்வை செய்தது அதைத்தான்.

கை ஓடவில்லையா? இந்தக் கேள்விகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் படத்தை எடுத்தது யார், அவருக்கும் எனக்கும் அப்போது எப்படி இருந்தது? படம் எடுத்து முடித்த அடுத்த ஐந்து நிமிஷத்தில் என்ன நடந்தது? அன்று என் சட்டைப்பையில் எவ்வளவு இருந்தது? அந்த வருஷம் நான் யாரோடு பேசாமல் இருந்தேன்? அப்போது உறுதியாக நம்பி, இப்போது நம்பாத ஒன்று எது? தினமும் செய்து, எப்போது நின்றது என்றே தெரியாமல் நின்றுபோன பழக்கம் எது? கடைசிக் கேள்விக்கு மட்டும் நான்கைந்து பக்கம் ஒதுக்கலாம்.

பெயர்களை முழுதாக எழுதுங்கள். "நானும் ரவியும்" என்றால் எந்த ரவி என்று உங்களுக்கே ஒருநாள் சந்தேகம் வரும். கூட வேலை பார்த்தவர், எந்தப் பிரிவு, எந்த வருஷம் வரை என்று ஒரு வரி போதும்.

பேசுகிற மாதிரியே எழுதுங்கள். மேடைத்தமிழ் வந்து உட்கார்ந்துவிட்டால், அடித்துவிட்டு, அந்தப் படத்தை ஒரு நண்பரிடம் காட்டி வாயால் சொல்லி ஃபோனில் பதிவு செய்யுங்கள். அதைக் கேட்டு எழுதினால் உங்கள் குரல் வந்துவிடும். கையெழுத்து மோசம் என்று தட்டச்சு செய்யாதீர்கள். நீளமான பகுதியை வேண்டுமானால் தட்டச்சு செய்யலாம், குறிப்புகள் கையெழுத்திலேயே இருக்கட்டும். கையெழுத்தும் ஒரு ஆவணம்தான். நேராக வராவிட்டால் தனித்தாளில் எழுதி, வெட்டி ஒட்டுங்கள். தப்பினாலும் பக்கம் வீணாகாது.

பக்கம் சேர்ப்பது

இது சீக்கிரம் முடிகிற வேலை. எதையும் ஒட்டாமல் முதலில் பரப்பிப் பாருங்கள், ஃபோனில் ஒரு படம் எடுங்கள், ஒருநாள் விட்டு மறுபடி பாருங்கள். எழுத்துக்கு இடம் விட்டாகிவிட்டதா என்பதுதான் முக்கியமான சோதனை. பக்கத்தில் மூன்றில் ஒரு பங்காவது அதற்கு வேண்டும். கட்டுகிற ஓரத்தில் ஒன்றரை அங்குலம் காலியாக இருக்கட்டும். சாவி, பட்டன், துணித்துண்டு மாதிரி தடித்த பொருள்களைத் தனி உறைப்பக்கத்தில் போடுங்கள், இல்லாவிட்டால் எதிர்ப்பக்கத்துப் படத்தில் தடம் பதியும். இன்னும் நல்லது, சாவியைப் படமெடுத்து ஒட்டிவிட்டுச் சாவியைப் பெட்டியில் வைப்பது.

பிரிண்ட் எடுக்கும்போது ஒரு கணக்கு: 4க்கு 6 அங்குலப் படம் தெளிவாக வர 1200க்கு 1800 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த படம் சுருங்கியிருக்கும், எடுத்தவரிடம் மூலத்தை ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் உரையாடலையே ஒரு பக்கத்தில் வைக்கலாம். நம் காலத்துக் கடிதம் அதுதான். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அச்சிடும்போது மேலே தேதி தெரிகிற மாதிரி எடுங்கள். குரல் பதிவுக்குக் கியூஆர் கோடு ஒட்டுவது இப்போது வழக்கமாகியிருக்கிறது. அந்தச் சுட்டி பின்னால் வேலை செய்யாமல் போகலாம் என்பதால் பேசியதன் சாரத்தைப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

சொல்லத் தயங்குவதை என்ன செய்வது

விவாகரத்து, கடன், வேலை போனது, கருச்சிதைவு, மனச்சோர்வு, ஒரு மரணம். வளர்ந்தவர்களின் வாழ்க்கையில் இவை நடுவில்தான் இருக்கின்றன. இவற்றை விட்டுவிட்டால் புத்தகத்தில் ஒரு பல் விழுந்த மாதிரி இடைவெளி தெரியும். எல்லாவற்றையும் கொட்டிவிடவும் தேவையில்லை.

ஒரு வழி, தேதியும் ஒரு வரியும் மட்டும் எழுதி மீதிப் பக்கத்தை வெறுமையாக விடுவது. இன்னொன்று, பக்கத்தில் ஒரு கவரை ஒட்டி, எழுதியதை அதற்குள் மடித்து வைப்பது. திறக்கலாமா, யார் திறக்கலாம் என்று கவரின்மேல் எழுதிவிடலாம். மனிதரைத் தொடாமல் பொருளைத் தொடுவதும் உதவும்: பிரிவைப் பற்றி எழுத முடியாதவர், அந்த வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு வந்த ஐந்து பொருள்களைப் பட்டியல் போடலாம். எழுதும்போது மனசு அதிகமாகக் கனத்தால் மூடிவைத்துவிட்டு ஓட்டிய வண்டிகளின் பக்கத்துக்குப் போங்கள். வரிசையாகத்தான் செய்யவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

அடுத்தவர் கதையில் கவனம் வேண்டும். உங்களுக்கு வந்த கடிதத்தின் தாள் உங்களுடையது. அதில் இருக்கும் ரகசியம் எழுதியவருடையது. உயிரோடு இருப்பவரின் நோய், கடன், காதல் ஆகியவற்றைக் கேட்டுவிட்டு வையுங்கள், இல்லாவிட்டால் கவருக்குள். புத்தகம் பலர் கைக்குப் போகும் என்பதால் அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு எண், கையொப்பம் எல்லாவற்றையும் மறைத்து நகல் எடுத்து ஒட்டுங்கள். பத்திரம், சான்றிதழ் போன்றவற்றின் மூலம் எக்காரணம் கொண்டும் ஸ்க்ராப்புக்குக்குள் போகக்கூடாது.

வைத்துக் காப்பது

வெயில் படாத, ஈரமில்லாத, ரொம்பச் சூடாகாத இடம். பரணும் வேண்டாம், குளியலறைச் சுவரை ஒட்டிய அலமாரியும் வேண்டாம். காற்றின் ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் தாளும் படமும் நன்றாக இருக்கும். கனத்த புத்தகத்தை நிற்கவைத்தால் பக்கங்கள் தொங்கிக் கட்டு தளரும், படுக்க வையுங்கள். பூ, இலை, தின்பண்ட உறை எதையும் அப்படியே ஒட்டாதீர்கள், பூச்சி வரும். பூவை உறிஞ்சும் தாள்களுக்கு நடுவே இரண்டு மூன்று வாரம் கனம் வைத்து நன்றாகக் காயவைத்து, தனி உறையில் போடலாம்.

முடிந்ததும் ஒவ்வொரு பக்கத்தையும் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள். சின்னப் படங்களை 600இல். மூன்று நகல், இரண்டு வேறு சாதனங்களில், ஒன்று வீட்டுக்கு வெளியே என்பது டிஜிட்டல் காப்பில் பலரும் பின்பற்றும் கணக்கு. கணினியில் ஒன்று, வெளி ஹார்டு டிஸ்கில் ஒன்று, கிளவுடிலோ உறவினர் வீட்டிலோ ஒன்று. முழுக்கக் கணினியிலேயே வடிவமைத்து அச்சிட்டு வாங்குவதும் நல்ல வழிதான், கைவேலை பிடிக்காதவர்களுக்குக் குறிப்பாக. அதிலும் ஒவ்வொரு பக்கத்திலும் கையால் நாலு வரி எழுத வெள்ளை இடம் விட்டு வடிவமையுங்கள்.

கடைசியாக, முதல் பக்கத்தில் உங்கள் பெயர், புத்தகம் தொடங்கிய தேதி, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்பது, பின்பக்க அட்டையின் உள்ளே பெட்டியில் மிச்சமிருப்பவை எங்கே இருக்கின்றன என்பது. வளைய ஃபைல் என்றால் கடைசியில் நாலைந்து வெற்றுத்தாள் கோத்து வையுங்கள். இது வெளியே வந்ததும் பார்த்தவர்கள் "என்னிடமும் ஒரு படம் இருக்கிறதே" என்று கொண்டுவருவார்கள்.